ஒன்றாம் எண் ஃபோல்டர்

ஜெய்மோன் சாயாவை உறிஞ்சிக்கொண்டே சும்மாதான் சொன்னான். மலையேறும் சுரப்பாதைக்கு மேலே உள்ள பள்ளியிலிருந்து சுஹரா டீச்சர் நேற்று கூப்பிட்டாராம். ஒன்றாம் எண் பையன் டி.சி. வாங்கிப் போய்விட்டான், கணினி அறையில் அவனுடைய ஃபோல்டரை எப்படி நீக்குவது என்று கேட்டாராம். புதுப் பதிப்பில் அதற்கென்றே வசதி இருக்கிறது, காலையில் வந்ததும் அதிலேயே செய்யுங்கள் என்று இவன் சொல்லிவிட்டானாம்.

அந்த வசதியை எழுதியவள் நிம்னா. கோழிக்கோட்டில் அவர்கள் இருவரும் வேலை செய்யும் சின்ன அலுவலகம் பள்ளிகளுக்காக ஓர் எடிட்டர் மென்பொருள் செய்கிறது. பிள்ளைகள் வெப் பக்கம் எழுதிப் பழகுவது அதில்தான். நிம்னாவுக்கு இது முதல் வேலை. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

“ஒன்னாம் எண்ணா? பேர் வைக்க மாட்டாங்களா?” என்று இன்று அவளே கேட்டாள்.

“பேர் எதுக்கு? அட்டெண்டன்ஸ் நம்பர்தான் ஃபோல்டர்.”

கடித்த பழம்பொரியை வைத்துவிட்டு அவள் தன் இடத்துக்குப் போனாள். சோதனைக்கு அவள் உண்டாக்கிய ஃபோல்டர்களின் பெயர் சக்க, மாங்ங, புளி என்று மலையாளப் பழப் பெயர்கள். எதை நீக்கினாலும் அது மட்டும் சரியாகப் போனது. ஆனால் அவள் எழுதியிருந்தது இதுதான்: நீக்க வேண்டிய ஃபோல்டரின் பாதையை, அதாவது சாய்கோடுகளால் பிரித்து எழுதிய முகவரியை, எடுத்துக்கொள், எந்தக் கோப்பின் பாதை அதே எழுத்துகளில் தொடங்குகிறதோ அதையெல்லாம் அழி. சக்க என்று தொடங்கும் வேறு பழம் எதுவும் அவளிடம் இருக்கவில்லை. அந்தப் பள்ளியில் 1 என்று தொடங்குபவர்கள் இருந்தார்கள். பத்து முதல் பத்தொன்பது வரை.

ஜெய்மோனிடம் சொன்னபோது அவன் பதறவில்லை. பெயர் முடிவதைக் காட்டப் பாதையின் கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்தால் போதும், பத்து நிமிஷ வேலை என்றான். அவள் அதற்குள் டீச்சருக்கு போன் அடித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது, நின்றது. மறுபடி அடித்தாள். எழுந்து ஜன்னல்வரை போய் வந்தாள். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ எடுத்தார்.

“டீச்சர், அந்த ஒன்னாம் நம்பர் ஃபோல்டர்...”

“அது அழகா போயிடுச்சு மோளே. இப்பதான் அழிச்சேன்.”

“பத்தாம் நம்பர் இருக்கா, கொஞ்சம் பாருங்க.”

பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“இல்லியே. பதினொன்னும் இல்ல. நாளைக்கு உபஜில்லா மேளைப் போட்டிக்கு அனுப்பணும் மோளே, எல்லாம் அதுலதான் இருக்கு. நான் எதைத் தொட்டுட்டேன்?”

“நீங்க எதையும் தொடல. மெயின் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்குங்க.”

“பிடுங்கறதா? பயிற்சில நீங்கதானே சொன்னீங்க, இடி விழுந்தாலும் பிளக்கைப் பிடுங்கக் கூடாதுன்னு. பிள்ளைங்க முன்னாடி நானே எப்படி...”

“டீச்சர். பிடுங்குங்க.”

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது யாருக்கும் தெரியாது.

அழித்தது உடனே அழிந்துவிடாது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். ஓடுகிற கம்ப்யூட்டர் எதையாவது எழுதிக்கொண்டேதான் இருக்கும். மற்றப் பள்ளிகளுக்குப் போகிற புதுப் பதிப்பை நிறுத்தச் சொல்லி ஜெய்மோனிடம் விட்டுவிட்டு, மீட்புக் கருவிகளோடு அவள் பஸ் ஏறினாள்.

சுரத்தின் வளைவு ஒன்றில் லாரி மாட்டி, முன்னும் பின்னும் வண்டிகள் நின்றன. நிம்னா மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். சாய்கோடு போதாது. சில பாதைகளில் ஏற்கெனவே கடைசியில் ஒன்று இருக்கும். இரண்டாகிவிட்டால் எதோடும் பொருந்தாது. பாதையைச் சாய்கோடு இருக்குமிடமெல்லாம் வெட்டி, துண்டோடு துண்டாக ஒப்பிட்டாள். 1 வேறு, 10 வேறு. இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். லாரி அசைவதாக இல்லை. இறங்கி நடந்துவிடலாமா என்று இரண்டு தரம் எழுந்து உட்கார்ந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது பள்ளியில் மதியச் சோறு முடிந்திருந்தது. தன் கை தவறிவிட்டது என்று டீச்சர் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். சிலர் அழுது ஓய்ந்திருந்தார்கள்.

“டீச்சர் கை தவறல,” என்றாள் நிம்னா, தரையைப் பார்த்தபடி. “நான் எழுதினதுதான் தப்பு.”

“அப்ப சேச்சிக்கு இம்போசிஷன் நூறு தடவை,” என்றான் பேசில் என்ற பையன். டீச்சர் அவனை முறைத்தார்.

மீட்புக் கருவி ஓட, கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. உள்ளே எழுதியது இருந்தது. பெயரும் பாதையும் போயிருந்தன. யாருடையது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆகவே அவள் ஒவ்வொன்றாகத் திறக்க, பிள்ளைகள் அடையாளம் சொன்னார்கள். அருவி என்னுடையது. காப்பித் தோட்டம் என்னுடையது. யானைப் பக்கத்தை அஸ்லமும் பேசிலும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அடுத்ததாக வந்ததும் அதே யானைதான், அதே பிழைகளோடு. இருவரும் டீச்சரைப் பார்க்கவில்லை.

ஒன்பது பேர் எழுந்து போனார்கள். பதினேழாம் எண் ஹிபா மட்டும் ஸ்டூலில் இருந்தாள். அவளுடையது வரவில்லை. நிம்னா ஆழமாகத் தேடச் சொல்லி மறுபடி ஓட்டினாள். தேடலின் அளவைக் காட்டும் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. வெளியே திரும்பிப் போகிற பஸ் ஹாரன் அடித்தது. டீச்சர் நிம்னாவைப் போகச் சொன்னார். அவள் எழவில்லை. ஹிபா காலை ஆட்டிக்கொண்டேயிருந்தாள். நிம்னாவின் காலும் ஆடியது.

கடைசியில் ஒரு துண்டு வந்தது. ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடங்கியது: தேனெடுக்கப் போகிறவர்களைப் பற்றி.

ஹிபா குனிந்து வாசித்தாள். “என்னோடதுதான். மேல பாதி இல்ல.”

“இன்னொரு தரம் தேடிப் பாக்கறேன்.”

“வேண்டாம். அது எனக்குத் தெரியும். கொஞ்சம் நகருங்க சேச்சி.”

நிம்னா நகர்ந்து உட்கார்ந்தாள். ஹிபா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மேலேயிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.