முடியளவு வெளியே

விஜயதசமி காலை எட்டரை மணிக்கு, சின்னக்கடைத் தெருவுக்குப் பின்சந்தில் இருக்கும் தன் துப்பாக்கி ரிப்பேர் கடையில் முருகவேல் ஒரு பொய் சொன்னார். பெரிய பொய் ஒன்றும் இல்லை. "சரியா உக்காந்துடுச்சும்மா" என்பதுதான் அது. சொன்ன கையோடு ஒரு டீயும் வாங்கிக் குடித்தார். பொய் சொன்னவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் டீ நன்றாகவே இறங்கும்.

அதைக் கேட்டுக்கொண்டு போனவள் தேவிப்ரியா. தாலுகா ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரைபிள் கிளப்பில் குறி பார்த்துச் சுடுவாள். மாநிலப் போட்டி வரைக்கும் போனவள். அவளுடைய பாயிண்ட் டூ டூ ரைபிளின் பேரல் தேய்ந்து போனதால், வேறு கம்பெனி பேரல் ஒன்றை வரவழைத்து முருகவேலிடம் கொடுத்திருந்தாள். வேறு கம்பெனிச் சரக்கு எப்போது ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறது? ரைபிளின் நடு உடம்பான ரிசீவரில் ஒரு துளை உண்டு. பேரலின் வால் அதற்குள் போய் அடியில் முட்டி உட்கார வேண்டும். இந்த வால் ஒரு நூல் பருமன் ஜாஸ்தி. நான்கு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துளையையும் பளபளவென்று துடைத்து வைத்தார். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது; ரிசீவரும் பூஜைப் பலகையில் ஏறியது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை யாரும் தொடுவதில்லை.

விஜயதசமி காலையில், ராத்திரி முழுக்கத் தோசை மாவுக்குப் பக்கத்தில் குளிர்ந்து கிடந்த பேரலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தார். மகள் அபிநயாவின் ஹேர் டிரையரால் ரிசீவரைச் சூடாக்கினார். குளிர்ந்தது சுருங்கும், சூடானது விரியும், இரண்டும் சேரும். வழுக்கிக்கொண்டு போன பேரல் கடைசியில் நின்றது. எதுவரை போக வேண்டும் என்று அவரே அதில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கோடு உள்ளே மறைய வேண்டும். மறையவில்லை. முடியளவு வெளியே தெரிந்தது.

தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. வாசலில் தேவிப்ரியாவின் கார் ஓடிக்கொண்டே நின்றது. "அண்ணா, பதினோரு மணி நல்ல நேரத்துல முதல் குண்டு போடணும், கிளப்புல எல்லாரும் காத்துனு இருப்பாங்க" என்று அவள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இடைவெளியை அளக்கும் கேஜ் மேஜை டிராயரில் இருந்தது. அதை எடுத்திருக்கலாம். டைட் பேரல் என்றால் இப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஸ்க்ரூவை முறுக்கினார். கட்டைவிரலால் கோட்டை அழித்தார்.

பத்து மணிக்குப் பூஜைப் பலகையைக் கழுவ எடுத்தபோதுதான் அதில் சிந்திக் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார். ஸ்பானர், வைஸ், டிரில் என்று ஒன்று விடாமல் அவர் விரலாலேயே சந்தனம் வைத்திருந்தார். ரிசீவருக்கு எங்கே வைத்தோம்? காலையில் சூடாக்கும்போது அதன் வெளிப்புறத்தில் பொட்டே இல்லையே. யோசிக்க யோசிக்க நினைவு வந்தது. பலகையில் துளை மேலே பார்க்க அது நிமிர்ந்து நின்றது. துளையின் வாயில் ஒரு தீற்றுத் தீற்றியிருக்கிறார். அவசரக் கையில் சந்தனமும் தண்ணீராக இருந்தது. அது அப்படியே உள்ளே வழிந்து, அடியில் தங்கி, விடிவதற்குள் சிமெண்டு மாதிரி இறுகியிருக்கிறது. முந்தின நாள் துடைத்த துளைதானே என்று அவரும் மறுபடி துடைக்கவில்லை. பேரல் இரும்பின் மேல் உட்காரவில்லை, சந்தனத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

பேரல் முழுக்க உள்ளே போகாமல் முன்னால் நின்றால் தோட்டாவின் பின்பக்கத்துக்குப் பிடிமானம் கம்மி. சுட்டால் அந்த மெல்லிய பித்தளை பின்பக்கமாகவே கிழிந்து, நெருப்பும் துண்டுமாகத் திரும்பி வரும். அங்கேதான் சுடுகிறவரின் கன்னமும் கண்ணும் இருக்கும். வேலூரில் தொழில் பழகிய காலத்தில் அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறார். அந்த மனிதர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பேப்பர் படிப்பார்.

தேவிப்ரியாவுக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். கிளப் வாசலிலேயே போன்களை வாங்கி டப்பாவில் போட்டுவிடுவார்கள், அது அவருக்கும் தெரியும்.

இப்போது ஒரு மனிதர் என்ன செய்ய வேண்டும்? வண்டியை எடுக்க வேண்டும். முருகவேல் துடைப்பத்தை எடுத்தார். கடையைப் பெருக்கினார். ஒன்றும் ஆகாது, முதல் அதிர்ச்சியிலேயே சந்தனம் பொடிந்துவிடும் என்றது மனசு. போய்ச் சொன்னால் கிளப் முழுக்கத் தெரியும், புகார் போகும், கலெக்டர் ஆபீசில் லைசென்ஸைப் பிடுங்குவார்கள், இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் போகும் என்றும் அதே மனசு சொன்னது. பயம் இரண்டு பக்கமும் இழுத்தது; லைசென்ஸ் பக்கம்தான் ஜெயித்தது. பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினார்.

பத்து நாற்பதுக்கு மனைவி அருணாதேவி கோயிலிலிருந்து பிரசாதத்தோடு வந்தாள். தனியாக வந்தாள்.

"பொண்ணு எங்க?"

"தேரடிகிட்ட தேவிப்ரியாவைப் பாத்தோங்க. அபிக்குக் கைராசி ஜாஸ்தியாம். போன வருஷம் விஜயதசமிக்கு இவ முதல் குண்டு போட்டுத்தானே அந்தம்மா மெடல் வாங்குச்சு? இந்தத் தடவையும் இவதான் போடணும்னு கார்ல கூட்டினு போயிட்டாங்க. இன்னாங்க? ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

முருகவேல் செருப்பைக்கூடப் போடாமல் மொபெட்டை உதைத்தார்.

கிளப் அவலூர்பேட்டை ரோட்டில் பத்து கிலோமீட்டர். ஆட்டோக்களையும், வாழைக்கன்று கட்டிய லாரிகளையும், தெருவில் உடைத்த பூசணிக்காய்களையும் எப்படித் தாண்டினார் என்று பிறகு கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அபியின் வலது கண் மட்டும்தான் தெரிந்தது. கடவுளே, பத்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று வாய்விட்டே கெஞ்சினார். எங்கேயோ டப் என்று சத்தம் கேட்டபோது கைப்பிடியை விட்டேவிட்டார். வெடி போட்டது ஏதோ ஒரு மெக்கானிக் கடைக்காரன்.

கேட்டில் நின்றவர் கையை நீட்டித் தடுத்தார். அந்தக் கையைத் தள்ளிவிட்டு முருகவேல் ஓடினார். அபிநயா பாயில் குப்புறப் படுத்திருந்தாள். கன்னம் துப்பாக்கிக் கட்டையோடு ஒட்டியிருந்தது. சுற்றி எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சுடாத! அபி, சுடாதடீ!"

யாரும் போகக் கூடாத இடத்தில், துப்பாக்கி முனைக்கு எதிரே போய் விழுந்தார். அபிநயா விரலை எடுத்துவிட்டாள்.

அதன் பிறகு அழுகையும் விளக்கமும் கலந்து வந்தன. தோட்டாவை வெளியே எடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, பேரலை உருவினார்கள். துளையின் அடியை ஒரு குச்சியால் சுரண்டியபோது காய்ந்த சந்தனம் பொடியாகப் பாயில் கொட்டியது. கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள்.

அவர் பயந்தபடி யாரும் திட்டவில்லை. சந்தனம் வைக்காத பட்டறை உண்டா என்றார் கிளப் செயலாளர். தப்பைத் தானே வந்து சொல்கிற மனுஷன் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறார் என்றும் சொன்னார். தேவிப்ரியா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்காக இப்படி ஓடி வந்தீங்களே அண்ணா. அடுத்த குண்டு நான்தான் போட்டிருப்பேன். செருப்புகூட இல்லாம..."

அபிநயா அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள். "எப்பப்பா கண்டுபுடிச்ச?"

'இப்பதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலையில் சொன்னது போலச் சுலபமாக வரும். அவர் மகளின் வலது கண்ணைப் பார்த்தார். அதில் தண்ணீர் நின்றது.

"பத்து மணிக்கு."

"பத்து மணிக்கா? இங்க வர இருபது நிமிஷம் போதுமே. அப்புறம் ஏன்பா இவ்ளோ நேரம்?"

"நீ இங்க இருக்கறது எனக்குத் தெரியாது. உங்கம்மா வந்து சொன்னப்பதான்..." என்று ஆரம்பித்தவருக்கு, என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது பாதியிலேயே புரிந்துவிட்டது.

தேவிப்ரியாவுக்கும் புரிந்தது. பிடித்திருந்த அவர் கைகளை மெதுவாக விட்டாள்.