தலைமாட்டு நெல்

பால் பிடித்து நின்ற நெல்லை வேரோடு பிடுங்கச் சொன்னார்கள். விளைச்சலையும் எஃகையும் ஒரே தாவலில் பெருக்கிவிடும் ‘பெரும் பாய்ச்சல்’ திட்டம் சீனாவில் தொடங்கிய ஆண்டு அது. ஹூபே மாகாணத்தில் எந்தக் கூட்டுப்பண்ணைக் கம்யூன் அதிக விளைச்சல் காட்டுவது என்று போட்டா போட்டி. ஊர் வயல்களையெல்லாம் காலி செய்து, சாலையோரத்து வயல் ஒன்றில் கொண்டுபோய் நெருக்கி நட வேண்டுமாம். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுப்பார்களாம்.

“தலைவரே, வேர் அறுந்தா கதிரெல்லாம் பதராத்தான் போகும்,” என்றாள் குய்லியன். ஊருக்கு விதைநெல் எடுத்து வைப்பது அவள் பொறுப்பு.

“முதல்ல உன் வாய் பதராப் போகட்டும்,” என்றார் ஊர் உழவு அணித் தலைவர் பாங். “மேலிடத்துக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோ? வலதுசாரி, கட்சித் துரோகின்னு பேர் வாங்க ஆசையா?”

குளத்துக்குப் பின்னால் இருந்த விதை வயல் முன்பட்டத்தில் நட்டது, முற்றி நின்றது. ஊரே பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் மதியச் சோற்றில் மூழ்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு யின்ஹுவாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரை மட்டும் அறுத்தாள். மொட்டை நெல்தாளைப் பிடுங்கிச் சாலையோர வயலின் நடுவில் செருகிவிட்டார்கள். அந்த நெரிசலில் எவன் கண்டான்!

அடுப்பெரியாத சமையலறைகளில் நெல்லைக் காயவைத்தார்கள். இரு வீட்டுத் தலையணைகளிலிருந்த உமியைக் கொட்டிவிட்டு நெல்லை அடைத்துத் தைத்தார்கள். ஊருக்கே காணாதுதான், ஆனால் ஒரு நாற்றங்காலுக்குக் காணும்.

குய்லியனின் கணவன் தேஃபுவுக்கு எஃகு உலையில் வேலை. ஊரிலுள்ள வாணலி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் உருக்கிக் கருங்கட்டியாக்கிவிட்டுக் களைத்து வந்து படுத்தான்.

“என்னடி இது, தலையணையா கல்லா?”

“எஃகு. நாட்டுக்கே வேணும்னியே, உன் தலைக்கும் கொஞ்சம் இருக்கட்டுமேன்னு வச்சேன்.”

சாலையோர வயல் காற்றில்லாமல் புழுங்கி அழுகியது. ஆனாலும் கணக்கு மேலே போய்விட்டது. அந்தக் கணக்குப்படி அரசாங்கம் தன் பங்கை அள்ளிக்கொண்டு போனது. சாப்பாட்டுக்கூடத்தில் சோறு கஞ்சியாகி, கஞ்சி வெந்நீரானது. பதுக்கல் தேடி வந்தவர்கள் சுவரைத் தட்டினார்கள், தரையைக் குத்தினார்கள். கூடவே வந்த பாங் கால் வலிக்கிறதென்று கட்டிலில் தலையணைமேல் சாய்ந்து உட்கார்ந்தார்.

கடுங்குளிரில் ஒரு காலை தேஃபு தலையணையின் தையலைப் பிரித்துவிட்டான். அவன் உள்ளங்கையில் நெல் இருந்தது. மகள் லிங் சுருண்டு கிடந்தாள்.

“ஒரு பிடி குடு. பிள்ளைக்கு மட்டும்.”

“எதுல வேகவைப்பே? வாணலியைத்தான் உருக்கியாச்சே.”

“குய்லியன்...” அவன் குரல் உடைந்தது.

“இன்னைக்கு ஒரு பிடி, நாளைக்கு ஒரு பிடி. அப்புறம் வயல்ல எதை விதைப்போம்? தலையணை உறையையா? வர்ற வருஷமும் இவ சாப்பிடணும்.”

சொல்லிவிட்டாளே தவிர, தன்னைப்போல் பாவி உண்டா என்று தன்னையே நொந்துகொண்டாள். நெல்லை வாங்கி உள்ளே போட்டுத் தைத்தாள். அன்றிலிருந்து தன் கஞ்சியில் பாதியை மகளுக்கு ஊற்றினாள்.

அந்த மாதமே யின்ஹுவாவின் கணவன் பசியில் செத்துப்போனான். அவள் வீட்டு நெல் அதற்கு முன்பே கஞ்சியாகியிருக்கும் என்று குய்லியன் நினைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்கே ஒரு பிடி கொடுக்காத தான், எந்த முகத்தோடு அவளைக் கேட்பது?

வசந்தம் வந்தது. வயலில் தண்ணீர் நின்றது, விதைதான் இல்லை. விதையை அந்தந்த ஊரே தேடிக்கொள்ளட்டும் என்று மேலிடம் கைவிரித்துவிட்டது. முகம் வீங்கிப்போன பாங் வரப்பில் குந்தியிருந்தார். குய்லியன் காவடிக் கம்பில் தலையணைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து அவர்முன் இறக்கினாள். ஒன்றை அழுத்திப் பார்த்தவர் கையை இழுத்துக்கொண்டார்.

“இதுமேலதான் அன்னைக்கு நான்...”

“ஆமா, சாஞ்சு உட்கார்ந்தீங்க. என்னைப் பிடிச்சுக் குடுக்கணும்னா குடுங்க. ஆனா விதைச்சுட்டுத்தான் நான் வருவேன்.”

பாங் விதை ஊறவைக்கும் தொட்டியைக் கழுவ எழுந்து போனார்.

அப்போது யின்ஹுவா வந்தாள், எலும்பும் தோலுமாக. நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்திருந்தாள். தையல் பிரியவில்லை. நடுவில் மட்டும் தலை கிடந்த குழி அப்படியே இருந்தது.

“அவரு சாகறவரைக்கும் இதுலதான் படுத்திருந்தாரு. உள்ள என்னன்னு அவருக்குத் தெரியும்க்கா.”

அவளைச் சந்தேகப்பட்ட வெட்கத்தில் குய்லியனுக்கு உடம்பே கூசியது. அந்தக் குழியில் கை வைக்கத் துணிவில்லாமல் விம்மி அழுதாள்.

யின்ஹுவாவே தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

“அப்புறம் அழலாம்க்கா. தொட்டியைப் பிடி, விதை ஊறணும்.”