தத்திக்கு விளக்கம்

அகராதி அலுவலகத்தில் ‘த’ வரிசையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வாரமாக ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு முழித்தார். சொல், ‘தத்தி’. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சொல் அகராதிக்குள் நுழைவதானாலும் அதை வாயால் சொன்ன ஆள் வேண்டும். யார் சொன்னது, என்றைக்கு, எதைப் பார்த்துச் சொன்னது என்று அட்டையில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் போடலாம்.

‘தத்தி’ பெட்டியைத் திறந்தால் இருபத்து மூன்று அட்டைகள். இருபத்து மூன்றும் அவரைப் பற்றியே. ‘அந்தத் தத்தி பக்கத்துல டீயை வெக்காதீங்க’ – சொன்னவர், தட்டச்சர். ‘கதவைத் தொறக்கச் சொன்னா கைப்பிடியக் கையோட எடுத்துக்கிட்டு வருது தத்தி’ – சொன்னவர், காவலாளி. பொய்யென்று ஒன்றையாவது கிழித்துப் போடலாம் என்று பார்த்தார். எங்கே! அத்தனையும் நடந்தவை. தேதிகூடச் சரியாக இருந்தது.

மனத்தைத் தேற்றிக்கொண்டு சொல்லின் பிறப்பை மட்டும் எழுதினார். ‘தத்துதல்’ என்ற வினையிலிருந்து வந்திருக்கலாம். தத்தித் தத்தி நடக்கிற குழந்தையின் நடை போல, இன்னும் பழகாத உடம்பு. எழுதியதும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. தலைமைப் பதிப்பாசிரியை கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

“‘இருக்கலாம்’னு போட்டீங்களே, அது நல்லது. ஆனா பொருள் எங்க? நடை மட்டும்தானா? உக்காந்த இடத்துலயே தத்தியா இருக்கறவங்க இல்லையா?”

“தெரியல மேடம்.”

“உங்களுக்கே தெரியலன்னா நாங்க யார்கிட்டப் போறது? இந்த வார்த்தைய அதிகமாச் சொல்ற ஆள் யாருன்னு பாருங்க. அவங்களையே கேட்டு எழுதிட்டு வாங்க.”

அதற்கு ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. அந்த ஆள் அவர் வீட்டிலேயே இருந்தார். மாமியார்.

அகராதிக்காரருக்கு மகள் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அவர் குழந்தையை நின்றபடி தூக்கியதில்லை. மாமியார் மரியாதை தெரிந்தவர், மருமகனை முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார். ‘நீங்க உக்காருங்க மாப்ளே’ என்பார். கட்டிலின் நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி, குழந்தையை மடியில் ஒரு நிமிடம் கிடத்துவார். பிறகு எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், தெருவுக்கே கேட்கிற குரலில், ‘இந்தத் தத்திகிட்டப் புள்ளையக் குடுத்துட்டு எனக்கு நெஞ்சு அடிச்சுக்குதுடி’ என்று மகளிடம் சொல்வார். மனைவி சிரிப்பாள்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நாலு நடை நடக்கவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. பெற்ற பிள்ளையைத் தூக்கச் சிபாரிசு தேடுகிற அப்பனை எங்கேயாவது பார்த்ததுண்டா? ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? போன வாரம்தான், சும்மா இருந்த பூந்தொட்டியை நகர்த்துகிறேன் பேர்வழி என்று உடைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றார். மாமியார் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்தில் உலாத்திக்கொண்டிருந்தார்.

“அத்தை, ஆபீஸ் விஷயமா ஒண்ணு கேக்கணும். தத்தின்னா என்ன?”

மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. “நான் சொன்னேன்னு யார் சொன்னது?”

“எனக்குக் காது கேக்கும் அத்தை. கோவமெல்லாம் இல்ல. அகராதியில போடணும். உங்களவிட அதை யாரு சரியாச் சொல்லப்போறாங்க?”

“அச்சாகுமா?”

“ஆகும்.”

மாமியார் குரல் மாறியது. “அப்ப ஒழுங்கா எழுதிக்குங்க. கீழ விழறவன் தத்தி இல்ல. விழறது எல்லாரும்தான் விழறாங்க. தத்திங்கறவன், ஒண்ணும் நடக்கறதுக்கு முன்னாடியே பயந்துக்கிட்டு, கைய ஒரு பக்கம், கால ஒரு பக்கம் வெச்சுக்கிட்டு… அதான், நீங்க கதவுகிட்ட வருவீங்களே, அப்படி.”

“நான் எப்படி வருவேன்?”

மாமியார் வாயால் சொல்லிப் பார்த்தார், வரவில்லை. ஒரு கையால் அபிநயம் பிடித்துப் பார்த்தார். தோளை ஒரு தூக்குத் தூக்கியதும் குழந்தை முனகியது.

“சே, இதுக்கு ரெண்டு கையும் வேணும். இவளக் கொஞ்சம் புடிங்க.”

பிடித்தார். அட்டை விழுந்தது, பேனா உருண்டு ஓடியது, குழந்தை விழவில்லை. அதன் தலை அவர் தோளில் தானாகவே வந்து பொருந்திக்கொண்டது. அவர் மெல்ல ஓர் அடி எடுத்து வைத்தார்.

மாமியார் வாசல் கதவுக்குப் போய் அங்கிருந்து மருமகனாகவே நடந்து வந்தார். முழங்கை கதவில் இடித்தது. இடித்த கதவிடம் மன்னிப்புக் கேட்டார். திரும்புகிறபோது சேலை சிக்கி நாற்காலியைத் தள்ளி, அதைப் பிடிக்கப் போய் மேசை விரிப்பையும் இழுத்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி அம்மாவைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

“இதான் தத்தி,” என்றார் மாமியார், மூச்சு வாங்க. “எழுதிக்கிட்டீங்களா?”

அவர் அதற்குள் மகளோடு ஜன்னல்வரை போய்த் திரும்பியிருந்தார்.

“இல்ல அத்தை, கை வேலையா இருக்கு. இன்னொரு தடவை நடந்து காட்டுங்க.”