இறகில்லாத தரை

என் வீட்டுக்காரருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எதை எடுத்துவிட்டாலும், எடுத்த இடம் தானாக நிரம்பிக்கொள்ளும் என்று நினைப்பார். கோழித் தீவனத்திலும் அதைத்தான் செய்தார்.

எங்களிடம் வழக்கமாகக் கறிக்கோழி எடுத்த கம்பெனி கைவிரித்துவிட்டது. நாயாய் அலைந்து பிடித்தது ஓர் ஓட்டல்கார அம்மாவை மட்டும்தான். செயற்கை அமினோ அமிலப் பொடி சேர்க்காமல் வளர்த்த கோழிதான் வேண்டும், நேரில் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அவருக்குப் பிடிக்காவிட்டால் ஷெட்டை மூட வேண்டியதுதான். மூடினால் இவர் வெளியூர் லாரி ஓட்டப் போய்விடுவார். லாரி முதலாளியிடம் பேசியும் வைத்திருந்தார். அவர் இல்லாத வீட்டை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதை வெளியே காட்டிக்கொள்வேனா?

"போறதுன்னா போங்க. நானாவது நிம்மதியா இருப்பேன்" என்றேன்.

குஞ்சுகள் வந்ததும் இவர் பொடியை நிறுத்தினார். "மூட்டைக்கு ஒரு கைப்பிடி போடுறோம். அது இல்லாட்டி குடியா முழுகிடும்?" என்று மக்காச்சோளத்தையும் சோயாப் பிண்ணாக்கையும் கலந்து போட்டார்.

கோழிகள் வளர்ந்தன. தரையில் பரப்பியிருந்த மரத்தூளில் ஓர் இறகுகூட இல்லை. "பாத்தியா, எவ்வளவு சுத்தம்! பொடி போடாத கோழின்னா சும்மாவா?" என்று பூரித்துப்போனார். போட்டோ எடுத்துத் தன் அக்காவுக்கு வேறு அனுப்பினார்.

அக்கா, அதாவது என் அண்ணி, எண்ணெய் ஆலை நடத்துகிறவர். முன்பு கோழியும் வளர்த்தவர். போட்டோ போன கொஞ்ச நேரத்தில் அவருடைய ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. யாரிடமும் பேசாமல் ஷெட்டுக்குள் போய், குனிந்து மரத்தூளைக் கிளறினார்.

"இறகு எங்கடா?"

"அதான்க்கா, சுத்தமா இருக்கு!"

"நீ பெருக்குனியா?"

"இல்லக்கா."

"உன் பொண்டாட்டி பெருக்குனாளா?"

"எனக்கு வேற வேலை இல்லையா அண்ணி?" என்றேன்.

"அப்ப உதிர்ற இறகெல்லாம் எங்கடா போச்சு? கோழியே தின்னுட்டிருக்கு, நீ போட்டோ புடிக்கிற!"

ஒரு கோழியைத் தூக்கிக் காட்டினார். முதுகில் இறகு மூட வேண்டிய இடம் வெறும் தோலாகச் சிவந்து கிடந்தது. அண்ணி பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோழி பக்கத்துக் கோழியின் வாலில் கொத்தி ஓர் இறகைப் பிடுங்கி விழுங்கியது. நாங்கள் தினமும் பார்க்கிற ஷெட், இது கண்ணில் படவே இல்லை.

"இறகு முளைக்க மெத்தியோனின்ங்கிற அமினோ அமிலம் வேணும். அது கிடைக்காமதான் இறகையே தின்னுது. சோயாவுல இருக்குறது பத்தாது, மிச்சத்தை அந்தப் பொடிதான் ஈடுகட்டிட்டிருந்துச்சு. பொடி வேண்டாம்னா சரி, அது பாத்த வேலைய யாரு பாப்பா? உங்கப்பனா?"

"எங்கப்பன்னா உனக்கு யாருக்கா?" என்று முனகினார் இவர். முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் லாரி ஞாபகம் வந்ததும் அண்ணிக்குக் காபி போட உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் அண்ணி எள்ளுப் பிண்ணாக்கும் சூரியகாந்திப் பிண்ணாக்கும் ஏற்றி வந்தார். கூடவே ஒரு சாக்கு காய்ந்த புழு. காய்கறிக் கழிவில் அவரே வளர்க்கிற ஈப்புழு அது. கத்தரிக்காயில் புழுவைப் பார்த்துவிட்டால் அன்று முழுக்கப் பட்டினி கிடக்கிற மனிதர் என் வீட்டுக்காரர்.

"புழுவையாக்கா?"

"உனக்கு இல்லடா, கோழிக்கு. மூக்கைப் பொத்திக்கிட்டு அரை. எள்ளு நல்லதுன்னு அதையே அள்ளிக் கொட்டிடாத, அதுல லைசின்ங்கிற இன்னொரு அமினோ அமிலம் கம்மி. சோயாவும் இருக்கட்டும். ஒண்ணுல இல்லாததை இன்னொண்ணு குடுக்கணும்."

அரைத்தார். அதன்பிறகு ஷெட்டே கதியென்று கிடந்தார்; சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரமாட்டார். ஒருநாள் காலையில் "ஏய், இங்க ஓடி வா!" என்று அலறினார். எல்லாம் செத்துவிட்டதோ என்று பதறி ஓடினேன். உள்ளங்கையில் ஒரு சின்ன வெள்ளை இறகு.

"கீழ கிடந்துச்சுடி. யாரும் திங்கல!"

அடுத்தடுத்த நாட்களில் தரை முழுக்க இறகுக் குப்பை. குப்பையைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்ட பைத்தியங்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஓட்டல்கார அம்மா வந்தார். கோழிகளைத் தூக்கி நெஞ்சையும் காலையும் அழுத்திப் பார்த்தார். "கொஞ்சம் சின்னதா இருக்கே" என்றார்.

"நடுவுல நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா. அதுல வளர்த்தி குறைஞ்சிடுச்சு" என்று இவர் ஆரம்பித்தார். பொடியை நிறுத்தியது, இறகைத் தின்றது, புழு அரைத்தது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். அடப்பாவி மனுஷா, உண்மை பேச இந்த நேரம்தானா கிடைத்தது என்று பல்லைக் கடித்தேன்.

"புழுவா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா."

"வெளிய மேயுற கோழி பின்ன பிஸ்கட்டா தின்னுது? எல்லாத்தையும் எடுத்துக்கறேன். அடுத்த தடவையும் எனக்கே குடுங்க. சின்னதா மட்டும் குடுக்காதீங்க."

வண்டி போனதும் இவர் லாரி முதலாளிக்குப் போன் போட்டார். நான் கதவுப் பக்கம் நின்றேன்.

"இல்லண்ணே, நான் வரல... சேச்சே, அவ எங்கண்ணே தடுத்தா? போங்கன்னுதான் சொன்னா. நான் இல்லாட்டியும் அவ சமாளிச்சிடுவா. எனக்குத்தான் அவ இல்லாம ஒரு நாள் ஓடாது."

"இதை முன்னாடியே என்கிட்ட சொல்லித் தொலைச்சா என்னவாம்!" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.