‘இருக்கும்’ என்றொரு பொத்தான்

எங்கள் கதவுக் கீல் கடை மூன்று அறைகளாக இருந்த காலத்தைச் சொன்னால், இப்போது வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் நம்புவதில்லை. முன்னறையில் விற்பனை, நடு அறையில் கணக்கும் சாப்பாடும், பின்னறையில் கிடங்கு. அது சாதாரணக் கிடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. கைப்பிடி எடுக்க உள்ளே போன விற்பனையாளர் ஒருவர் வழி தெரியாமல் சுற்றி, ஒருவாறு வெளியே வந்தபோது தாடி வளர்ந்திருந்தது. அவர் உள்ளே போகும்போதே தாடியோடுதான் போனார் என்று என் மனைவி சொல்வாள். நல்ல கதைகளைக் கெடுப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

கிடங்கை ஒட்டிப் பட்டறை. அங்கே செய்த கீல்கள் சத்தமே போடாது. ஒரு திருடன் எங்கள் கீல் மாட்டிய கதவைத் திறந்தான். சத்தம் வராததால், கதவு திறக்கவில்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டான். இதை எனக்குச் சொன்னது அந்தத் திருடனேதான். பிறகு தன் வீட்டுக்கு ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனான்.

கடை என் மாமனார் ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு நான், என் மனைவி, அவள் தம்பி என்று மூன்று பேர் பார்த்துக்கொண்டோம். மாமனார் விட்டுப்போன சட்டம் ஒன்றே ஒன்று. சாமான் கேட்டு வந்தவர் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. அதனால் அந்தச் சொல்லையே நாங்கள் மறந்திருந்தோம். கேட்டால் ‘இருக்கு’. ரொம்பக் கேட்டால் ‘இருக்கும்’.

கடை வளர்ந்தது. தொலைபேசியில் ஒருவர் கேட்பார், கைபேசியில் படம் அனுப்பி ஒருவர் கேட்பார், வாசலில் நின்று ஒருவர் கத்துவார். எல்லாருக்கும் தலையாட்டினோம். யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பது கொடுத்த பிறகுதான் தெரியும். அப்போதுதான் மருத்துவமனைகள் கட்டும் கான்ட்ராக்டர் ஒரு நாள் வந்து, “உங்க கிட்ட என்ன சரக்கு இருக்குன்னு என் போன்ல தெரியணும். தெரியற கடையிலதான் இனிமே வாங்குவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டறையில் பாதிப் பேர் அவர் வேலையை நம்பித்தான் இருந்தார்கள். அவர் போனால் அவர்களும் போகவேண்டியதுதான்.

மச்சினன் உடனே எங்கிருந்தோ மென்பொருள் விற்பவர் ஒருவரைப் பிடித்து வந்தான். அவர் சிரித்தால் நடு அறை விளக்கை அணைத்துவிடலாம், பல் வெளிச்சமே போதும். அவர் விற்றது உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் கம்பெனிகள் வாங்குகிற சமாச்சாரம்.

“மாமா, இது வந்துட்டா நாம ஒண்ணும் பண்ண வேண்டாம். எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்.”

“அப்ப நம்ம ரெண்டு பேரையும் எதுக்கு மாப்ளே வச்சிருக்கோம்?”

“அதைத்தான் நானும் ரொம்ப நாளா கேக்கறேன்” என்றாள் என் மனைவி, கணக்கிலிருந்து தலை நிமிராமல். பிறகு நிமிர்ந்தாள். “அட்டைப்பெட்டி செய்யற என் சிநேகிதி கடைக்கு ஒருத்தங்க வராங்க. பெரிய கம்பெனியில டெக்னாலஜிக்குத் தலைவரா இருந்தவங்க. இப்ப வாரத்துல ஒரு நாள் ஒரு கடைன்னு போறாங்க. எதை வாங்கணும், எதை வாங்கக் கூடாது, யாரை வேலைக்கு வைக்கணும், நாளைக்குக் கடை பெருசானா என்ன பண்ணணும், எல்லாம் அவங்க பாத்துச் சொல்வாங்க.”

“தலைய வாடகைக்கு எடுக்கச் சொல்றியா அக்கா?” என்றான் மச்சினன்.

“உனக்குச் சொந்தமா ஒண்ணு இருந்திருந்தா நான் ஏன்டா வாடகைக்குப் பாக்கறேன்?”

எங்களுக்குக் கிடைத்தது செவ்வாய்க்கிழமை. அதனால் அந்த அம்மாளுக்குச் செவ்வாய் மேடம் என்று பெயர் விழுந்தது. கிடங்குக்காரர் மட்டும் அவர் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வருவதாகக் கொஞ்ச நாள் நம்பினார். “அங்க காத்து கம்மி, அதான் இவ்வளவு மெதுவா பேசறாங்க” என்று நான்தான் விளக்கியிருந்தேன். கிடங்குக்காரர் எதைச் சொன்னாலும் ‘ஆகட்டும்’ என்பவர். அவரை நாங்கள் கூப்பிட்டதும் ஆகட்டும் என்றுதான்.

முதல் சில வாரங்கள் மேடம் கணினியைத் தொடவே இல்லை. தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டார். கிடங்கு வாசலில் நின்று யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்தார். மச்சினனுக்குப் பொறுக்கவில்லை.

“மேடம், அந்தப் பெரிய சாப்ட்வேர்ல கையெழுத்துப் போட்டுடலாமா?”

“அவர் விக்கறது கப்பல் தம்பி. உங்களுக்கு ஆத்தைத் தாண்டினா போதும். ஆறு எங்க ஓடுதுன்னே நான் இன்னும் பாத்து முடிக்கல.”

கடைசியில் தனக்குத் தெரிந்த இரண்டு கணினிப் பிள்ளைகளை வைத்து ஒரு சின்னத் திரை செய்துகொடுத்தார். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே இரண்டு பொத்தான்கள். பச்சை என்றால் ‘இருக்கு’, சிவப்பு என்றால் ‘இல்லை’. ஆகட்டும் அமுக்கினால் கான்ட்ராக்டர் கைபேசியில் தெரியும்.

அடுத்த செவ்வாய் வருவதற்குள் திரை முழுக்கப் பச்சை. தெருவில் போன ஆடு ஒன்று அதைப் பார்த்து உள்ளே வந்துவிட்டது. மாமனார் காலத்திலேயே செய்வதை நிறுத்திவிட்ட வளைந்த கைப்பிடிகூடப் பச்சையில் பளபளத்தது. “பாத்தீங்களா மாமா, நம்ம கடையில எல்லாமே இருக்கு!” என்று மச்சினன் பூரித்துப்போனான்.

கான்ட்ராக்டரும் பார்த்தார். ஆப்பரேஷன் அறைக் கதவுகளுக்கு நீளத் தாழ்ப்பாள் கேட்டு அனுப்பினார். தச்சர்கள் கதவுகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தாழ்ப்பாள் வரவில்லை. அவர் போன் செய்தபோது எடுத்தது ஆகட்டும்.

“இருக்குன்னு காட்டுதேய்யா!”

“இருக்கும் சார்.”

“இருக்கா?”

“இருக்குமே சார்.”

கான்ட்ராக்டர் போட்ட சத்தத்தில் தொலைபேசி மேசையிலிருந்து ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தது. “செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரேன். அன்னைக்கும் இந்தத் திரை பொய் சொல்லிச்சுன்னா உங்க சங்காத்தமே வேண்டாம்.”

மச்சினன் அன்றே மென்பொருள் விற்ற அந்தப் பல்லழகருக்குப் போன் செய்து, அதே செவ்வாய்க்கு ஒப்பந்தத்தோடு வரச் சொல்லிவிட்டான்.

செவ்வாய் காலை மேடம் எங்கள் நால்வரையும் நடு அறையில் உட்காரவைத்தார்.

“சிவப்பை ஏன் யாருமே அமுக்கல?”

“அது எப்படி மேடம் வாய் கூசாம சொல்றது?” என்றார் ஆகட்டும்.

“வாயால எங்க சொல்றீங்க? விரலாலதானே?”

“விரலும் கூசுது மேடம்.”

“சரி, போன்ல ‘இருக்கும்’னு சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?”

“காலையில பாத்தேன், இருந்துச்சு. யாரும் எடுக்கலைன்னா இருக்கும்.”

“அது இல்லீங்க. பட்டறையில செஞ்சிட்டிருக்காங்க, சாயங்காலம் இருக்கும்” என்றேன் நான்.

“ஆர்டர் வந்தா செஞ்சிடலாம், அப்ப இருக்கும். நான் அப்படித்தான் சொல்றேன்” என்றான் மச்சினன்.

“நான் சொன்னா, எனக்குத் தெரியாது, போனை வைன்னு அர்த்தம்” என்றாள் என் மனைவி.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை வருடம் ஒரே அறையில் சாப்பிட்டவர்கள். எல்லாரும் ஒரே பொருளில்தான் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “இத்தனை வாரம் உக்காந்து கேட்டும் இது என் காதுல விழலையே!” என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டு, அந்தப் பிள்ளைகளுக்குப் போன் போட்டார். “சிவப்பு பொத்தானைத் தூக்கிடுங்க. யாரும் தொடாதது எதுக்கு? அந்த இடத்துல மஞ்சளா ஒண்ணு. பேரு ‘இருக்கும்’. அமுக்கினா ‘எப்போ?’ன்னு கேக்கணும். கிழமையைச் சொல்லாம அடுத்த சாமானுக்குப் போக விடக் கூடாது.”

மச்சினன் யோசித்தான். “அப்பா சொன்னதுக்கு விரோதமா எதுவும் ஆகலையே?”

“அவர் சொன்னதைத்தான் பொத்தானா போட்டிருக்கோம்” என்றார் மேடம்.

பிள்ளைகள் சீக்கிரமே மாற்றிக் கொடுத்தார்கள். ஆகட்டும் கையில் திரையோடு கிடங்குக்குள் போனார். முதல் மஞ்சளை அமுக்கினார். ‘எப்போ?’ என்று கேட்டது. அப்படியே நின்றார். அந்தக் கிடங்கு கட்டிய நாளிலிருந்து அங்கே யாரும் கேட்காத கேள்வி அது. பிறகு திரும்பிப் பட்டறைக்குள் நடந்தார். “ஏம்ப்பா, இது எப்போ முடியும்?” என்று அவர் கேட்டதும் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது. அவர்களும் அதுவரை யோசித்ததில்லை. நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு அலமாரியாகப் புகுந்தோம். தூசியில் என் மனைவி தும்மிய தும்மலில் இரண்டு தட்டு சரக்கு தானாகவே வரிசைப்பட்டது.

மத்தியானம் கான்ட்ராக்டர் வந்தார். பல்லழகர் ஏற்கெனவே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க இது, முழுக்க மஞ்சளா இருக்கு? கடைக்குக் காமாலையா?”

மேடம் விளக்கினார். கான்ட்ராக்டர் நீளத் தாழ்ப்பாளைத் தேடினார். மஞ்சள். வெள்ளிக்கிழமை. திரையை விட்டுவிட்டு ஆகட்டும் பக்கம் திரும்பினார்.

“வெள்ளிக்கிழமை இருக்குமா?”

“இருக்கும் சார்.”

“வியாழக்கிழமை வண்டி அனுப்பட்டுமா?”

ஆகட்டும் எங்களைப் பார்த்தார். நாங்கள் சுவரைப் பார்த்தோம்.

“வியாழக்கிழமை வந்தா… இல்ல சார்.”

சுவரில் மாமனார் படம் ஆடியது என்று மச்சினன் இன்றுவரை சொல்கிறான். தெருவில் லாரி போனது.

“இந்த வாரம் எத்தனையோ கடை ஏறி இறங்கிட்டேன். எனக்கு உருப்படியா பதில் சொன்ன முதல் ஆள் நீதான்யா” என்றார் கான்ட்ராக்டர். “வெள்ளிக்கிழமை பாக்கறேன். அன்னைக்கு வந்துடணும்.”

மச்சினன் பல்லழகர் பக்கம் திரும்பி, “வெள்ளி கழிச்சு பேசலாம் சார்” என்றான். அவர் முதல்முறையாக வாயை மூடினார். அறை இருட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை வண்டி வந்து நின்றபோது கடைசித் தாழ்ப்பாள் இன்னும் சூடு ஆறவில்லை. சாக்கைச் சுற்றித் தூக்கிக் கொடுத்தார்கள். கான்ட்ராக்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த மருத்துவமனைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பட்டறையிலிருந்து ஒருவரும் போகவில்லை. ஆள் போதாமல், சேர்க்கத்தான் வேண்டியிருந்தது.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகள் ஓடின. எந்த இயந்திரம், எந்த ஆள், எதற்கு அவசரம், எது ஆறட்டும் என்று மேடம் சொல்ல, நாங்கள் எதிர்த்துப் பேசிப் பிறகு அதையே செய்தோம். கடை மூன்று அறையை விட்டு வெளியேறியது. கடைசியில் ஒரு செவ்வாயன்று, “இனிமே உங்களுக்கு ஒரு நாள் ஆள் பத்தாது. தினமும் வர்ற ஆள் வேணும். நல்ல பொண்ணா பாத்து வச்சிருக்கேன்” என்றார்.

“புதன்கிழமையும் நீங்களே எடுத்துக்குங்களேன்” என்றான் மச்சினன், ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில்.

“புதன் பிஸ்கட் கம்பெனி தம்பி. உங்க செவ்வாயை ஒரு வளையல்காரர் கேட்டிருக்கார். அவர் கடையும் உங்க கடை மாதிரிதான் இருக்கு” என்று சிரித்தார்.

வளையல்காரர் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. யாரோ முன்பின் தெரியாத மனிதர் மீது பொறாமைப்பட்டது அன்றுதான்.

மேடம் வராத முதல் செவ்வாயன்றும் மச்சினன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான்.

“யாருக்கு மாப்ளே இந்த மடிப்பு?”

“பழக்கம் மாமா” என்று சொல்லிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தான். “நீங்க மட்டும் என்னவாம்?”

நானும் தலையை எண்ணெய் தடவி வாரியிருந்தேன். இருக்கிற நாலு முடிக்கு அரை மணி நேரமா என்று என் மனைவி கேட்டாள். அவளும் அன்று நல்ல புடவைதான் கட்டியிருந்தாள். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.