மைனாக்களுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

ஹேமநாதன் இறந்து மூன்று வருஷமாகியும் அவர் படுத்திருந்த இடத்தில் புல் நிமிரவில்லை. திருத்தணியில் மலை தெரியும் தெரு ஒன்றில், வீட்டு முன்னாலிருக்கும் புல்தரையில், தலை மலைப் பக்கமும் வலது முழங்கால் லேசாக மடங்கியுமாக ஓர் ஆள் அளவுக்குப் பள்ளம் அப்படியே கிடந்தது. ஆர்.கே.பேட்டையில் முப்பது வருஷம் விசைத்தறிச் சத்தத்தில் காதைத் தொலைத்த மனுஷன், சத்தமே போடாத ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று வளர்த்த புல் அது. சாயங்காலமானால் கன்னத்தை அதில் வைத்துப் படுத்துவிடுவார். இப்போது அவர் மனைவி யோகலட்சுமி, பள்ளத்துக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு டீ குடித்தாள். புனேயிலிருந்து மகள் பிரியங்கா ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். மற்ற ஆறு நாளும் யோகலட்சுமிக்குப் பேச்சுத்துணை அந்தப் பள்ளம்தான். பொல்லாத தனிமை.

போன ஆவணியில் வேர்ப்புழு விழுந்து, ஓரத்திலிருந்து புல் பழுக்க ஆரம்பித்தது. மருந்தடிக்கும் ராஜேஷ் வந்து ஒரு பிடி இழுத்தான். கோரைப்பாய் மாதிரி சுருண்டு வந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன.

"மருந்து ஊத்திட்டு, மொத்தமா கொத்திப் போட்டு வேற புல்லு வச்சிடலாம்க்கா. ஒரு நாள் வேலதான்."

"மொகம் வச்சிப் படுக்கிற எடத்துல யாராவது வெஷம் ஊத்துவாங்களாப்பா? கொத்தவும் வாணாம்."

பள்ளத்தைப் பற்றி ராஜேஷ் எதுவும் கேட்கவில்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம் அது.

யோகலட்சுமி வேப்பம் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினாள். தினம் தண்ணீர் விடுவதை நிறுத்தி, வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாக நனைத்தாள். மூன்று விரல் உயரத்துக்குக் கீழே புல்லை வெட்டவில்லை. புழுக்கள் கொஞ்சம் தயங்கின, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் ஹேமநாதனின் வலது பாதம் போயிற்று. அடுத்த வாரம் முழங்கால் வரைக்கும் வெறும் மண். இரண்டாவது முறையும் அவரைப் பறிகொடுக்கப் போகிறோம் என்று அவள் வாய்விட்டு அழுதாள்.

புழுவென்றால் உயிரை விடும் மைனாக்கள் சரவணப் பொய்கைப் படிகளில் ஏராளமாக இருந்தன. முறையாக வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் அவை வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் புருஷன் இல்லாதவள் போய் அழைக்கலாமா? மூன்று வருஷமாக எந்த விசேஷத்திலும் அவள் தாம்பாளத்தைத் தொட்டதில்லை. அதனால் பக்கத்து வீட்டு சௌமியாவை அனுப்பினாள். சௌமியா பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போய் ஜோடிக்கு ஒரு வெற்றிலையாக வைத்துவிட்டு வந்தாள். நான்கு நாள் கேட்டைத் திறந்தே வைத்தும் ஒரு மைனா எட்டிப் பார்க்கவில்லை. சௌமியா மறுபடியும் போய்விட்டு முகம் வாடித் திரும்பினாள்.

"கெழ மைனா ஒண்ணு என்னையே மொறைச்சிகினு இருக்குதுக்கா. ஏன், வூட்டுக்காரங்க வரமாட்டாங்களான்னு கேக்குற மாரியே இருக்குது."

"ஆங்," என்றாள் யோகலட்சுமி.

மறுநாள் காலை அவளே தாம்பாளத்தை எடுத்தாள். வழியில் இரண்டு பேர் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். படியில் நின்று, "எங்க வூட்டுக்கு வரணும். அவுரு இல்ல. நான்தான் கூப்பிடறேன்," என்றாள்.

அவள் வீடு திரும்புமுன் மைனாக்கள் வந்துவிட்டிருந்தன. குழாயடியில் கால் கழுவிவிட்டு, ஜோடி ஜோடியாக இறங்கி, ஒன்பது நாள் மண்ணைக் கிளறித் தின்றன. பத்தாம் நாள் வாசற்படியில் நின்று சொல்லிக்கொண்டு கிளம்பின.

ஐப்பசி மழையில் பாதமும் முழங்காலும் திரும்ப முளைத்தன. அங்கே புல் படுத்தபடியேதான் வளர்ந்தது. கார்த்திகையில் ஒரு நாள் காலையில் பார்த்தால் ஹேமநாதன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எப்போதும் நடுவில் படுப்பவர், இன்னொருவருக்கு இடம் விட்டு ஓரமாக நகர்ந்திருந்தார். யோகலட்சுமி நாற்காலியை மடக்கி உள்ளே வைத்தாள்.

இப்போது அந்தப் புல்தரையில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. புல் வெட்ட வருகிறவர்கள் இரண்டையும் சுற்றித்தான் வெட்டுகிறார்கள்.