விளிம்பில் செம்பு

கறுப்புக் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நிலவறையில் இருந்த சலவை இயந்திரத்தின் மேல் காபி டப்பாவைக் கவிழ்த்தாள் ரோசலி. கால் டாலர் காசுகள் சடசடவென்று கொட்டின. தலைக்கு மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் பன்றித்தொடை சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காசை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு. அடுத்ததிலும் அதே செம்பு. கிளறக் கிளற எல்லாமே அப்படித்தான் இருந்தன.

அறுபத்து நான்காம் வருஷம் வரை அடித்த காசில் பத்துக்கு ஒன்பது பங்கு வெள்ளி. இன்றைக்கு ஒன்றுக்குப் பதினைந்து மடங்காவது பெறும். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் செம்புக்கு வெளுத்த சட்டை. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். தான் வேலைபார்த்த எஃகு ஆலையை மூடிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பேங்கில் காகிதத்தில் சுற்றிய காசுச் சுருள்கள் வாங்கி வருவார். பழைய வெள்ளியைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். “டப்பா உனக்குத்தான் ரோசி. அத்தனையும் வெள்ளி” என்று கிறிஸ்துமஸுக்குக்கூடச் சொன்னார்.

அப்பாவோடு இந்த வீட்டில் இருந்தது தம்பி டுவைன் ஒருவன்தான். வேலையும் நிலையில்லாதவன். நேற்று சவப்பெட்டியருகே பழங்காசு வாங்கி விற்கும் கடைக்கார லெஸ்டர் அவன் தோளைத் தட்டி, “இனிமே வெள்ளிக்கிழமை கடைப்பக்கம் வரமாட்டே, இல்ல?” என்று கேட்டது அவள் காதிலேயே விழுந்தது. பாலுக்குப் பூனை காவல் இருந்த கதைதான். காசு போனால் தொலையட்டும். கூடப் பிறந்தவன் திருடன் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மேலே ஏறும் படியிலேயே இர்மா அத்தை எதிர்ப்பட்டாள்.

“என்னடி, முகம் ஏன் இப்படி இருக்கு?”

“டப்பால வெள்ளியே இல்லை அத்தை. டுவைன் மாத்திட்டான்.”

“அடப்பாவி! அப்பன் உயிரோட இருக்கும்போதேவா?”

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. ரோசலி காபி ஊற்றிக்கொள்வதற்குள் சேதி மேசை மேசையாகப் போய்விட்டது. டுவைன் தட்டோடு வந்து நின்றபோது யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

அவள் நேரே லெஸ்டரிடம் போனாள்.

“என் தம்பி உங்ககிட்ட எவ்வளவு வித்தான்?”

“வித்தானா?” லெஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். “அவன் வாங்கினான்மா. வாரம் தவறாம, பழைய வெள்ளிக் கால் டாலர் ஒண்ணு.”

“எதுக்கு?”

“இப்போ பேங்க் சுருள்ல வெள்ளி எங்க வருது? உங்கப்பா அசந்து தூங்கும்போது சுருளுக்குள்ள சொருகி வச்சுடுவான். ஒண்ணு கிடைச்சா அந்த வாரம் முழுக்க மனுஷன் சந்தோஷமா இருப்பாராம்.”

“டப்பால ஒண்ணுகூட இல்லையே!”

லெஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “கண்ணு மங்கினப்புறம் காசை மேசையில போட்டுச் சத்தம் கேட்டுத்தானே பொறுக்கினாரு? வெள்ளி கணீர்னும், மத்தது டொக்குனும். போன வருஷம் காதும் மந்தமாச்சு. டப்பா முழுக்கத் திரும்பத் தட்டிப் பார்த்து, நல்லதையெல்லாம் செம்புன்னு கழிச்சு, பேங்க்ல அவரே கொடுத்துட்டு, செம்பை வெள்ளின்னு டப்பால நிரப்பிட்டாரு. டுவைன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள எல்லாம் போச்சு.”

“அப்பாகிட்ட சொல்லலையா அவன்?”

“எதைச் சொல்றது? அதுக்கப்புறமும் வாரா வாரம் வந்து வாங்கிட்டுத்தான் போனான், அதையும் அவர் செம்புன்னு கழிச்சுத் தள்ளினாலும்.”

ரோசலிக்கு வெட்கத்தில் காது கொதித்தது. தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பினால், டுவைன் சுவரோரம் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கிட்டே வந்தான்.

“டப்பாவை எடுத்துக்கிட்டியாக்கா?”

“ம்.”

“திறந்து பாத்தியா?”

அவன் கண்ணில் இருந்தது திருட்டுப் பயம் இல்லை, அப்பா ஏமாந்தது அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் என்று இப்போது தெரிந்தது.

“பாத்தேன்டா.” கடைசி மேசை வரை கேட்கும்படி குரலை உயர்த்தினாள். “நல்லாப் பாத்தேன். அப்பா சொன்ன மாதிரியே அத்தனையும் வெள்ளி.”

இர்மா அத்தையின் முள்கரண்டி வாய்க்குப் போகாமல் நின்றது. டுவைன் அக்காவை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு சாலட் கிண்ணத்தை இழுத்து, காலித் தட்டொன்றில் அவளுக்கு ஒரு கரண்டி வைத்தான்.